வீடு எரிகிறது, பிள்ளை உள்ளே: பெற்றவரைத் தடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் லூசியானா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. (அதே பெயரில் ஒரு மாநிலமும் உண்டு, இது அதுவல்ல.) 2013 அக்டோபர் 31 அன்று, விடியுமுன், அங்கே ஒரு வீடு தீப்பிடித்தது. பெரியவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். 3 வயதுப் பையன் உள்ளே மாட்டிக்கொண்டான். அவனுடைய மாற்றாந்தந்தை திரும்ப உள்ளே போக முயன்றபோது போலீஸார் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. டேசர் என்னும் மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் சுட்டு, கையில் விலங்கு மாட்டினார்கள். பையன் இறந்துபோனான்.

இந்தச் செய்தி அப்போது உலகம் முழுக்கச் சுற்றியது. இன்றும் எங்காவது வீடு எரிந்து குழந்தை செத்தால் இதே வாக்குவாதம் கிளம்புகிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

அந்தப் போலீஸார் செய்தது சரியா, தப்பா?

இதை ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் சண்டை முடிவதில்லை. இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவரைத் தடுத்தது சரியா? தடுத்த விதம் சரியா? தடுத்துவிட்டு அந்தப் பையனுக்காக அடுத்து என்ன செய்தார்கள்?

முதல் கேள்விக்கு, தீ அந்த நிமிஷத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் பதில். அறையெல்லாம் பற்றிய பிறகு என்றால் தடுத்தது ஒரு உயிரைக் காப்பாற்றியது. அதற்கு முன்னால் என்றால் கதை வேறு. ஊர் நிர்வாகத்தின் தரப்பு, அவருடைய உயிரைக் காக்கவே அப்படிச் செய்தார்கள் என்றது. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு அளவுகோல் உண்டு. 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது அது: போலீஸ் பலத்தைப் பயன்படுத்தியது நியாயமா என்பதை, பின்னால் சாவகாசமாக உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணால் பார்க்கக் கூடாது, அந்த இடத்தில் நின்ற அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. குற்றமே செய்யாத ஒருவரை, அதுவும் பிள்ளையைத் தேடிப் போகிறவரை, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்து நிறுத்துவது ஒன்று. மின்சாரம் பாய்ச்சி விழவைப்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

என் உயிர், என் பிள்ளை. நான் உள்ளே போனால் இவர்களுக்கு என்ன?

உங்கள் உயிர் மட்டும் பணயம் என்றால் உங்கள் வாதம் வலுவானதுதான். ஆனால் அப்படி இருப்பதில்லை.

நீங்கள் உள்ளே போய் மயங்கி விழுந்தால், தேட வேண்டியவர்கள் ஒருவர் அல்ல, இருவர். முதல் வண்டியில் வருகிறவர்கள் பெரும்பாலும் நான்கு பேர். ஒருவர் வண்டியோடு நின்று தண்ணீர் பம்பைப் பார்க்க வேண்டும். மிச்சம் மூன்று. அவர்கள் நேராகக் குழந்தையின் அறைக்குப் போயிருப்பார்கள். இப்போது கூடத்தில் குறுக்கே விழுந்து கிடக்கும் 80 கிலோ ஆளை முதலில் இழுத்து வெளியே போட வேண்டும். குழந்தைக்கு இருந்த நிமிஷங்கள் உங்கள் மேல் செலவாகின்றன.

அப்புறம் கதவு. மூடிய வீட்டுக்குள் எரியும் தீ கொஞ்ச நேரத்தில் காற்றில்லாமல் அமுங்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அடங்கிவிட்டது போலத் தெரியும், "இப்பப் போயிடலாம்" என்று தோன்றும். நீங்கள் வாசல் கதவை உதைத்துத் திறந்ததும் அதற்கு வேண்டிய காற்று கிடைத்துவிடும். ஓரிரு நிமிஷத்தில் சீறி எழும். தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறப்பதற்கு முன் தண்ணீர்க் குழாயைக் கையில் தயாராக வைத்துக்கொள்வது இதனால்தான். வெளியே நிற்கிறவருக்கு அது தயக்கமாகத் தெரிகிறது.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? சினிமாவில் ஹீரோ போய்த் தூக்கிக்கொண்டு வருகிறாரே?

சினிமாத் தீயில் வெளிச்சம் இருக்கிறது. நிஜத் தீயில் இருட்டு. சோபா, மெத்தை, திரைச்சீலை, பிளாஸ்டிக் எல்லாம் எரியும்போது வரும் புகை தார் போலக் கறுப்பாக, கனமாக இருக்கும். நீட்டிய கை தெரியாது. பத்து வருஷம் குடியிருந்த வீட்டிலேயே படுக்கையறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகும். புகை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். நின்ற உயரத்தில் மூச்சை இழுத்தால் தொண்டை வெந்துவிடும் சூடு இருக்கும்போது தரைக்கு அரை அடி மேலே ஒருவேளை மூச்சு விட முடியலாம். "தவழ்ந்து போ" என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு அல்ல, புகை. அதில் இரண்டு விஷங்கள் முக்கியம். ஒன்று கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்போடு இது போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று ஹைட்ரஜன் சயனைடு. மெத்தை, சோபாவில் இருக்கும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் எரிந்தால் வரும். இந்த இரண்டும் உடம்பை வீழ்த்துவதற்கு முன்பே புத்தியைக் குழப்பிவிடும். உள்ளே போனவர் வாசல் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு அலமாரிக்குள் நுழையப் பார்ப்பார். மன உறுதி இங்கே உதவாது. உறுதியைத் தாங்குகிற மூளைக்கே காற்று போகவில்லை.

இதற்கு மேல் ஃப்ளாஷ்ஓவர் என்று ஒன்று உண்டு. அறையின் மேல்பகுதியில் தேங்கிய புகையின் சூடு 600 செல்சியஸை நெருங்கும்போது, அந்த அறையிலுள்ள எல்லாப் பொருளும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். முழு கவச உடை போட்ட தீயணைப்பு வீரருக்கே அதில் சில விநாடிகள்தான். அந்த அறையில் அதற்குப் பிறகு உயிரோடு யாரும் இருக்க முடியாது.

இது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதில்தான் நம் தலைமுறைக்கு அதிர்ச்சி. அமெரிக்காவின் யூ.எல். சோதனைக்கூடம் இரண்டு வரவேற்பறைகளைக் கட்டி எரித்துப் பார்த்தது. பழைய காலத்து மர, பருத்தி, பஞ்சு சாமான்கள் போட்ட அறை ஃப்ளாஷ்ஓவர் ஆக 29 நிமிடம் 30 விநாடி பிடித்தது. இன்றைய செயற்கை இழைச் சாமான்கள் போட்ட அறைக்கு 3 நிமிடம் 40 விநாடி. தாத்தா தீக்குள் போய் யாரையோ தூக்கி வந்த கதை உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் நுழைந்த வீடு வேறு மாதிரி எரிந்தது.

ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு போனால்?

துணி கரியைக் கொஞ்சம் தடுக்கும். கார்பன் மோனாக்சைடை ஈரத்துணி தடுக்காது, சயனைடுக்கும் அதை நம்ப முடியாது. போர்வையின் ஈரம் சூட்டில் ஆவியாகி உங்களையே அவிக்கும். வெளியேறும் வழியில் பத்தடி கடக்க உதவலாம். உள்ளே தேடப் போக உதவாது.

தீயணைப்பு வீரர்களே வந்து வெளியே நிற்கிறார்களே, அது ஏன்?

இரண்டு காரணம்.

முதலாவது, அவர்கள் நிற்பதாக நமக்குத் தெரிவது பெரும்பாலும் வேலை. குழாய் இழுப்பது, மூச்சுக்கருவியின் முகமூடியை மாட்டுவது, ஒருவர் வீட்டைச் சுற்றி ஓடி எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் ஜன்னல் என்று பார்ப்பது. பிள்ளையை உள்ளே விட்டு நிற்கிறவருக்கு அந்த ஒரு நிமிஷம் ஒரு யுகம்.

இரண்டாவது, விதி. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா 1998இல் கொண்டுவந்த விதி, "உள்ளே இருவர், வெளியே இருவர்" என்று பெயர் பெற்றது. உயிருக்கு ஆபத்தான காற்றுள்ள கட்டடத்துக்குள் போகிறவர்கள் குறைந்தது இருவராகப் போக வேண்டும், ஒருவர் கண்ணில் மற்றவர் படும்படி அல்லது குரல் கேட்கும்படி. அவர்களுக்கு ஏதாவது ஆனால் இழுத்து வர இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். இதைச் சொல்லித்தான் "விதி பெரிசா, உசுரு பெரிசா" என்று கோபப்படுகிறார்கள். ஆனால் அதே விதியின் குறிப்பிலேயே ஒன்று எழுதியிருக்கிறது: முழுக் குழு சேரும் முன்பே உயிர் காக்கும் அவசர வேலையைச் செய்வதை இந்த விதி தடுக்காது. உள்ளே குழந்தை இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டு பேராக இருந்தாலும் போகலாம். பல இடங்களில் போகிறார்கள்.

அதற்கென்றே ஒரு முறையும் வைத்திருக்கிறார்கள். வாசல் வழியாகப் போகாமல், ஏணி வைத்து நேராகக் குழந்தையின் அறை ஜன்னலை உடைத்து இறங்குவது. இறங்கியதும் முதல் வேலை குழந்தையைத் தேடுவது அல்ல. அந்த அறையின் கதவைத் தேடிப் போய் மூடுவது. அதை மூடினால் தீ அந்தப் பக்கம் வராது. பிறகு தேட நேரம் கிடைக்கும். பயிற்சி இல்லாத எந்தப் பெற்றவரும் அந்தக் கதவை மூடப் போக மாட்டார், நேராகக் கட்டிலுக்குத்தான் ஓடுவார். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

விதி இல்லாமல் எல்லோரும் துணிந்து போனால் என்ன ஆகும்?

மாசசூசெட்ஸின் ஊஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3 அன்று, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. வீடில்லாத இருவர் உள்ளே தங்கியிருந்ததாகத் தகவல். அவர்களைத் தேடிப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் புகையில் வழி தப்பினார்கள். அவர்களைத் தேடி மற்றவர்கள் போனார்கள். கடைசியில் 6 வீரர்கள் இறந்தார்கள். தேடப்பட்ட இருவரும் முன்பே வெளியேறிப் போயிருந்தார்கள்.

பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறைத் தலைவராக இருந்த ஆலன் புருனாசினி இந்த மாதிரிக் கணக்கை மூன்று படியாக வகுத்தார். காப்பாற்றக்கூடிய உயிருக்காக, கணக்கிட்டு, நிறைய ஆபத்தை ஏற்கலாம். காப்பாற்றக்கூடிய சொத்துக்காகக் கொஞ்சம். ஏற்கெனவே போய்விட்டதற்காக எதுவும் வேண்டாம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது கடைசிப் படியை. நான் முதல் படியைச் சொல்லிக்காட்ட விரும்புகிறேன்: அதில் "நிறைய" என்றுதான் இருக்கிறது.

தீயணைப்பு வண்டி வருமுன் போலீஸ் வந்துவிட்டால்?

இந்தப் பிரச்சினையின் முள் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் முழுநேரத் தீயணைப்புத் துறைகளுக்கான தரநிலை, கவசம் மாட்டிக் கிளம்ப 80 விநாடி, முதல் வண்டி வந்து சேர 240 விநாடி என்று வைத்திருக்கிறது. கூட்டினால் 5 நிமிடத்துக்கு மேல். அழைப்பை எடுத்துப் பேசும் நேரம் தனி. மேலே சொன்ன 3 நிமிடம் 40 விநாடியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். சின்ன ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தூக்கத்திலிருந்து எழுந்து, வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வண்டி எடுக்க வேண்டும்.

ரோந்தில் இருக்கும் போலீஸ் கார் அதற்குள் வந்துவிடும். அதில் வரும் அதிகாரியிடம் மூச்சுக்கருவி இல்லை, கவச உடை இல்லை, தண்ணீர் இல்லை. பெற்றவரைத் தடுக்க முடியும்; குழந்தைக்காக ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறார். அந்த இடைவெளியில் ஒரு தகப்பன் பார்ப்பது என்ன? தடுக்க ஆள் இருக்கிறது, காப்பாற்ற ஆள் இல்லை. அவர் அடங்காமல் திமிறுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்த அதிகாரி செய்யக்கூடியவை இருக்கின்றன. வீட்டைச் சுற்றி ஓடிக் குழந்தையின் ஜன்னலைப் பார்ப்பது, வாக்கிடாக்கியில் எந்த அறை என்று வருகிற வண்டிக்குச் சொல்வது, திறந்து கிடக்கும் வாசல் கதவை இழுத்துச் சாத்துவது, பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்டு வாங்கி வைப்பது. பெற்றவரையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். "நில்லுங்க" என்பதற்கும் "எந்த ஜன்னல், காட்டுங்க, என்கூட வாங்க" என்பதற்கும் உள்ள வித்தியாசம், டேசர் தேவைப்படுவதற்கும் படாததற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கக்கூடும்.

உள்ளே போய்க் காப்பாற்றியவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். 2022 ஜூலையில் இண்டியானா மாநிலம் லஃபாயெட்டில், நள்ளிரவு தாண்டிக் காரில் போய்க்கொண்டிருந்த பீட்சா டெலிவரி இளைஞர் ஒருவர் எரியும் வீட்டைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே நுழைந்து பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுவந்தார். 6 வயதுச் சிறுமி ஒருத்தி இன்னும் உள்ளே என்று தெரிந்ததும் திரும்பப் போனார். புகையில் கண் தெரியாமல், அவள் அழும் சத்தத்தை வைத்தே தேடிக் கண்டுபிடித்து, மாடி ஜன்னலை உடைத்து அவளோடு குதித்தார். கையில் ஆழமான வெட்டு, நுரையீரலில் புகை, இருவரும் பிழைத்தார்கள்.

2020 ஜூலையில் பீனிக்ஸில் ஒரு தாய், எரியும் மாடி வீட்டின் பால்கனியிலிருந்து 3 வயது மகனைக் கீழே போட்டார். கீழே நின்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் பாய்ந்து பிடித்தார். தாய் மகளுக்காக உள்ளே திரும்பினார். மகளை வேறொருவர் காப்பாற்றினார். தாய் இறந்துபோனார்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். துணிச்சலில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. தீ எந்தக் கட்டத்தில் இருந்தது, எந்தப் பக்கம் வழி இருந்தது என்பதுதான் வேறு. அது வாசலில் நிற்கும்போது தெரியாது. பிழைத்தவர் தொலைக்காட்சிப் பேட்டியில் வருகிறார். பிழைக்காதவர் பேட்டி கொடுப்பதில்லை. அதனால் நம் மனதில் இருக்கும் கணக்கு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும்.

சரி, விதியே தப்பாகப் போனது உண்டா?

உண்டு, கொடூரமாக. லண்டன் கிரென்ஃபெல் டவர், 2017 ஜூன் 14. 24 மாடி. பிரிட்டனில் இந்த மாதிரி அடுக்குமாடிகளுக்கு விதி, "இருந்த இடத்திலேயே இருங்கள்". ஒரு வீட்டுத் தீ அந்த வீட்டைத் தாண்டாது, எல்லோரும் படிக்கட்டில் இறங்கினால்தான் ஆபத்து என்ற எண்ணத்தில் வைத்த விதி. எத்தனையோ கட்டடங்களில் அது சரியாகவே வேலை செய்தது. ஆனால் கிரென்ஃபெல்லின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகைகளே எரிபொருளாகி, தீ சுவர் வழியே ஏறியது.

முதல் அழைப்பு நள்ளிரவு தாண்டி 12:54க்கு வந்தது. குழந்தைகளோடு மேல்மாடிகளில் இருந்தவர்களிடம் கட்டுப்பாட்டு அறை "அங்கேயே இருங்கள், வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அறிவுரையை மாற்றியபோது மணி 2:35. 1:30க்கும் 1:50க்கும் இடையிலேயே மாற்றியிருக்கலாம், மாற்றியிருக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. இறந்தவர்கள் 72 பேர். அவர்களில் 18 பேர் குழந்தைகள். சொல்லைக் கேட்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இருட்டுப் படிக்கட்டில் இறங்கியவர்களில் பலர் பிழைத்தார்கள்.

அதனால் "விதியை எழுதியவர்களுக்கு எல்லாம் தெரியும், வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். விதி ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது. ஊகம் உடைந்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது பாதுகாப்பு அல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிரென்ஃபெல்லில் பெற்றவர்களின் உள்ளுணர்வு சொன்னது "வெளியே போ" என்று. இந்தப் பக்கத்தின் மற்ற சம்பவங்களில் அது சொல்வது "உள்ளே போ" என்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நான் அந்த வாசலில் நிற்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள், வழியில் புகை அதிகமில்லை என்றால், பிள்ளையை எடுத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். கடந்துவரும் ஒவ்வொரு கதவையும் சாத்திக்கொண்டே வாருங்கள்.

வெளியே வந்த பிறகுதான் பிள்ளை உள்ளே என்று தெரிகிறதா? உங்களிடம் இருக்கும் பெரிய ஆயுதம் தகவல். "என் புள்ள உள்ள இருக்கான்" என்று கதறினால் தீயணைப்பு வீரர் வீடு முழுக்கத் தேட வேண்டும். "பையன், 3 வயசு, மாடி, பின்பக்கம், இடது ஜன்னல், கட்டில் சுவரோரம், கதவு சாத்தியிருக்கு" என்று சொன்னால் அவர் ஏணியை நேராக அங்கே கொண்டுபோவார். பயந்தால் கட்டிலுக்கு அடியிலோ அலமாரியிலோ ஒளிந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர், யார் யார் வெளியே வந்தாகிவிட்டது என்பதும் முக்கியம். வண்டி வரும் முன்பே இதை அவசர எண்ணில் சொல்லிவிட்டால் அவர்கள் வரும் வழியிலேயே திட்டம் போட்டுவிடுவார்கள்.

வெளியிலிருந்தே அந்த ஜன்னலுக்குப் போக முடியுமா என்று பாருங்கள். தரைத்தள அறை, உள் கதவு சாத்தியிருப்பது நிச்சயம் என்றால் ஜன்னல்தான் வழி. உள் கதவு திறந்திருந்தால் ஜன்னலை உடைப்பது தீயை அந்த அறைக்கு அழைப்பதாகவும் முடியலாம். தொலைபேசியில் இருப்பவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தடுப்பவர் மேல் வழக்குப் போடலாமா? தடுத்ததை மீறினால் என் மேல் வழக்கா?

பெரும்பாலான நாடுகளில் சட்டம் அவர்கள் பக்கம். பிரிட்டனின் 2004ஆம் ஆண்டுத் தீயணைப்பு மற்றும் மீட்புச் சட்டம், தீ நடக்கும் இடத்துக்குள் ஆட்கள் நுழைவதைத் தடுக்கும் அதிகாரத்தைத் தீயணைப்பு வீரருக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டத்தின்படி, வேலைக்கு இடையூறாக நிற்பவர்களை அப்புறப்படுத்தலாம். ஆனால் பிள்ளைக்காக ஓடிய தாய் தகப்பனைக் கூண்டில் ஏற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

பிறகு "என்ன நடந்தது" என்று அறியக் குடும்பத்துக்கு ஆவணங்கள் இருக்கும். அவசர அழைப்பின் ஒலிப்பதிவு, வண்டி கிளம்பிய நேரம், வந்த நேரம், சில இடங்களில் போலீஸ் சட்டையிலிருக்கும் கேமராப் பதிவு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவற்றைக் கேட்டு வாங்கச் சட்டப்படி வழி உண்டு. கேட்டு வாங்குங்கள். "நான் போயிருந்தால்" என்ற கேள்வியோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவருக்கு, நிமிஷவாரியான கணக்கு கசப்பாக இருந்தாலும் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று.

நம் ஊர் வீடுகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

தளம் போட்ட செங்கல் சுவர் வீடு, அமெரிக்க மரவீட்டைப் போல முழுசாக எரிந்து விழாது. ஆனால் உள்ளே இருக்கும் சோபாவும் மெத்தையும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். நமக்கென்று தனி ஆபத்து ஜன்னல் கம்பி. திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி, வாசலுக்கு கிரில் கேட், ராத்திரி அதற்குப் பூட்டு, சாவி அப்பாவின் தலையணைக்கு அடியில். மேலே சொன்ன ஜன்னல் வழி மீட்பு இந்த வீடுகளில் நடக்காது, கம்பியை அறுக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் அறையில் ஒரு ஜன்னலுக்காவது உள்ளிருந்து திறக்கும் கீல் வைத்த கிரில் போடுங்கள். சாவியை எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டுங்கள்.

எண்கள்: இந்தியாவில் 101 அல்லது 112, இலங்கையில் 110, சிங்கப்பூரில் 995, மலேசியாவிலும் பிரிட்டனிலும் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911.

இந்த நிலைமையே வராமல் இருக்க என்ன செய்யலாம்?

தூங்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். இவ்வளவு சாதாரண விஷயமா என்று தோன்றும். யூ.எல். சோதனைகளில், தீப்பிடித்த வீட்டில் கதவு திறந்திருந்த அறையில் சூடு 500 செல்சியஸைத் தாண்டியது. கதவு சாத்தியிருந்த அறையில் 40 செல்சியஸுக்குள் இருந்தது. சென்னை வெயில்தான் அது. சாத்தாவிட்டால் குழந்தை அழுவது காதில் விழும் என்று நம் வீடுகளில் திறந்தே வைக்கிறோம். அதற்கு ஒரு குழந்தை மானிட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

புகை அலாரம் வையுங்கள். சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயம். ஆனால் அலாரம் அடித்தால் பிள்ளைகள் தாங்களே எழுந்து வருவார்கள் என்று நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வில், சோதித்த 34 குழந்தைகளில் 27 பேர் சாதாரண அலாரச் சத்தத்தில் எழுந்திருக்கவே இல்லை. தாழ்ந்த ஒலியோடு மனிதக் குரலும் சேர்ந்த அலாரத்துக்கு நிறையப் பேர் எழுந்தார்கள். ஆகவே அலாரம் எழுப்ப வேண்டியது உங்களை; பிள்ளையை எழுப்ப வேண்டியது நீங்கள்.

எந்தப் பிள்ளையை யார் எடுப்பது என்று முன்பே பேசி வையுங்கள். "நீ எடுத்துட்டு வந்துட்டேன்னு நெனச்சேன்" என்று வெளியே வந்தபின் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அந்தக் கணத்தில்தான் பல பெற்றோர் திரும்ப உள்ளே ஓடுகிறார்கள்.

நாய், பூனைக்காகத் திரும்பப் போகலாமா?

கூடாது. தீயணைப்பு வீரரிடம் சொல்லுங்கள். முடிந்தால் எடுத்து வருவார்கள்.

தீயணைப்பு வீரரைக் கண்டு குழந்தைகள் ஒளிந்துகொள்ளும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். புகைக்குள்ளிருந்து பெரிய உருவம், முகத்தில் கண்ணாடி மூடி, உஸ் உஸ் என்று மூச்சுச் சத்தம். நாலு வயதுக் குழந்தைக்கு அது பூச்சாண்டிதான். கூப்பிட்டாலும் சத்தம் கொடுக்காமல் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே நகரும். அதனால்தான் பல ஊர்த் தீயணைப்பு நிலையங்களில் குழந்தைகள் பார்க்க வரும் நாளில் ஒரு வீரர் அவர்கள் முன்னாலேயே ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டுவார்: முதலில் சட்டை, அப்புறம் தொப்பி, கடைசியில் முகமூடி, உள்ளிருந்து "ஹலோ". உங்கள் ஊர் நிலையத்தில் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே காட்டுவார்கள். பிள்ளையைக் கூட்டிப்போய், முகமூடி போட்ட ஆளிடம் கை கொடுக்கச் சொல்லுங்கள்.